திப்புவுக்கு ஓவியம், வன்னியனுக்குக் கல்

ஸ்கொத்லாந்து தேசத்தின் ஓவியச் சேகரிப்பில் 11 அடிக்கு மேல் உயரமுள்ள எண்ணெய் வண்ணப் படம் ஒன்று உண்டு. இரவு வேளை, கோட்டை வாயில். தீவட்டிகளின் மங்கிய ஒளியில் பிரித்தானியத் தளபதி ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார். அவர் காலடியில், மாண்டவர்களின் நடுவே, திப்பு சுல்தானின் உடல் கிடக்கின்றது.

இதனைத் தீட்டியவர் ஸர் டேவிட் வில்கி. சீரங்கப்பட்டணம் வீழ்ந்த நாள் 1799 மே 4. படம் முடிந்ததோ 1839இல். வில்கி இந்தியாவைக் கண்ணாலும் கண்டவரல்லர். தளபதி டேவிட் பெயார்ட் காலமான பின், கணவரின் புகழ் நிலைக்க வேண்டுமென்று அவருடைய மனைவியார் 1834இல் இப்படத்தை எழுதுவித்தார்.

தளபதியின் காலடியில் இரும்புக் கம்பியிட்ட சாளரம் ஒன்றையும் ஓவியர் வைத்திருக்கிறார். அது வெறும் அலங்காரமன்று. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூர்ப் போரில் பிடிபட்ட பெயார்ட், மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் சீரங்கப்பட்டணத்துச் சிறையில் கிடந்தவர். அன்றைய கைதியே இன்றைய வெற்றி வீரன் என்று சொல்லத்தான் அந்தச் சாளரம். ஓவியர் எண்ணியது அது. ஆனால் நம் கண் தளபதியிடம் நிற்க மறுக்கின்றது. கீழே கிடப்பவனிடமே போய்ச் சேருகின்றது!

திப்புவும் ஓவியத்தின் வலிமையை அறியாதவனல்லன். பொள்ளிலூர் வெற்றியைத் தன் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டுவித்தான். அதிலே ஆங்கிலேயக் கர்னல் பெய்லி பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். ஆக, திப்புவின் கதையை இரு தரப்பினரும் எழுதிவைத்தனர்.

நம் வன்னிக்கு வருவோம். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கைக் கரையோரத்தைக் கைப்பற்றச் சென்னையிலிருந்து வந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட், நான்கு ஆண்டுகளின் பின் சீரங்கப்பட்டண முற்றுகையிலும் ஒரு படைக்குத் தலைமை தாங்கினார். அதே வல்லரசைத்தான் இங்கே பண்டார வன்னியன் எதிர்த்தான். வடக்கே யாழ்ப்பாணம், தெற்கே கண்டி. இடையிலே காடும் குளமும் யானையுமாய்க் கிடந்த எல்லைநாடு அவனுடையது. 1803 ஆகஸ்ட் 25ஆந் தேதி அவன் முல்லைத்தீவைத் தாக்கினான். கப்டன் வொன் டிறிபேர்க்கும் அவருடைய காவற்படையும் படகேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தனர்.

இரண்டு மாதங்களில் டிறிபேர்க் திரும்பி வந்தார். ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் பின்னர் நாட்டப்பட்ட கல்லிலே பொறித்தது ஒரே செய்தி: இவ்விடத்தருகே கப்டன் வொன் டிறிபேர்க், பண்டார வன்னியனை 1803 ஒக்டோபர் 31இல் தோற்கடித்தார் என்பது. வாசகங்கள் ஆங்கிலம், நாட்டியவர்கள் வென்ற தரப்பினர். கொன்றதாக அதில் ஓர் எழுத்துமில்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்வது நன்று. அவன் அன்றே மாண்டான் என்று பலர் எழுதியிருப்பினும், அதன் பிறகும் சில ஆண்டுகள் வாழ்ந்து போரிட்டான் என்று கூறுவோரும் உளர். முல்லைத்தீவில் அவன் வென்றதைப் பற்றியும் அந்தக் கல் பேசவில்லை.

வன்னியனைத் தீட்ட ஒரு வில்கியும் வரவில்லை; தன் வெற்றியைச் சுவரில் எழுதிவைக்க அவனுக்கு மாளிகை ஓவியனும் இல்லை. அவனை நேரிற் கண்டு எழுதிய படம் எதுவும் நம் கைக்கு எட்டவில்லை. முல்லைமணியின் நாடகம் அவனுக்குக் குரல் கொடுத்தது. வவுனியா நகரிலே சிலையும் எழுந்தது. அந்தச் சிலையின் முகமோ சிற்பியின் ஊகம்.

வீட்டில் சித்திரம் வரையும் பிள்ளைகள் இருப்பின், முல்லைத்தீவுக் கடற்கரையை வரையச் சொல்லலாம்: விலகிச் செல்லும் படகுகள், கரையிலே காட்டிலிருந்து வந்த வீரர்கள். கடலையும் காட்டையும் நாம் காட்டிக் கொடுக்கலாம். வன்னியனின் முகம் எப்படியிருக்கும் என்று பிள்ளை கேட்டால்தான் நமக்கு விடை சொல்லத் தெரியாது.