கடைசற் குருவிக்கூடு

மோர் கடைதல், மரங் கடைதல் என்னும் இரண்டற்கும் தமிழில் வினை ஒன்றே. மத்திற் சுற்றிய கயிற்றை முன்னும் பின்னும் இழுத்தல்போல, மரத்திற் சுற்றிய வாரை ஒருவர் இழுக்க மற்றவர் உளி பிடிப்பதே பழைய கடைசல். கட்டிற்காலும் பம்பரமும் அவ்வாறே உருப்பெற்றன. இன்று மின்பொறி மரத்தைச் சுழற்றுகின்றது; உளி பிடிக்கும் கைக்கு வேண்டிய நிதானம் மட்டும் குறைந்திலது.

அடைக்கலங்குருவி, ஓட்டுக்கூரையின் இடுக்கில் மனிதரோடு வாழ்ந்த பறவை. தீவுப்பகுதியில் 1990களின் இடப்பெயர்வுக்குப் பின் கூரையிழந்த வீடுகள் பல. மீண்டு வந்தோர் எழுப்பிய கொங்கிரீற்று வீட்டில் அத்தகைய இடுக்கில்லை. ஆதலின் கூடு செய்து கொடுத்தல் வேண்டும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறும் குறிகட்டுவானில் உப்புக்காற்று ஓயாது. ஆணி அறைந்த பலகைப்பெட்டி, ஆணி துருவேற விரைவிற் பிளவுபடும். கடைந்த கூட்டுக்கோ ஆணியே வேண்டா. இதுவே அதன் சிறப்பு, அழகு இரண்டாவதே.

இதற்கு ஏற்றது, கடலோரத்திற் செழிக்கும் பூவரசு. ஹவாய்த் தீவினரும் இம்மரத்திற் கிண்ணங்கள் செய்துவந்தனர். பனையோ புறத்தே வைரம், அகத்தே மென்சோற்றி. கடையுங்கால் நார் பிய்யும். அம்மென்மையினாலன்றோ பட்ட பனையிற் கிளியும் மைனாவும் பொந்து கொள்கின்றன! கடைசற்காரர் செய்வது அப்பொந்தின் போலியே.

ஆறங்குல விட்டமும் எட்டங்குல நீளமுமுள்ள துண்டை உருளையாக்கி, நடுவே துளையிட்டு, அத்துளையை நாலங்குலமாக அகலித்துக் குழாயாக்குக. ஆழஞ் செல்லச்செல்ல உளி தன் தாங்கியைவிட்டு நீண்டு அதிரும். சிறிது சிறிதாகவே சீவுக. வெடிப்புத் தொடங்கும் நடுநெஞ்சு முழுதும் நீங்குவதாற் சுவர் பிளத்தல் குறையும். பச்சை மரமாயின், முதலிற் தடிப்பாகக் கடைந்து, சில மாதம் நிழலில் உலர்த்தி, மீளவுங் கடைதல் வேண்டும். அன்றேல் வட்டம் கோணி மூடி பொருந்தாது. கூம்புக்கூரையையும் அடித்தட்டையும் வேறாகக் கடைந்து, குழாயின் வாய்க்குள் இறுகப் பொருத்துக. அடித்தட்டுக்கு ஒரு மரமுளையும், நீர்வடியச் சிறு துளைகளும் போதும்.

வாயில் ஒன்றேகால் அங்குலம். பெரிதாயின் மைனா புகும். வாயிலின்கீழ் இருக்கைக்குச்சி வேண்டா. அது பகைக்கே பிடி. உட்புறத்தைக் கரடாகவே விடுக. வார்னிசு பூசி உள்ளுங் கண்ணாடியாக்கிய கூடொன்றை யான் கண்டதுண்டு. குஞ்சு பற்றியேற வழியில்லை!

சோழகம் நேரே அறையாவண்ணம், முற்றத்தை நோக்கிய இறவாரத்தின்கீழ்த் தூக்குக. குஞ்சுகள் பறந்தபின் முளையைக் கழற்றி, பழைய வைக்கோலை அகற்றி, அடித்தட்டை மீளப் பூட்டுக.