செல்வர் வீட்டுச் சிக்கனம்

வசதி குறைந்தவர்களுக்குத்தான் சிக்கனம் வேண்டும், செல்வர்களுக்கு அது எதற்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில், தலைமுறை தலைமுறையாகச் செல்வத்தைக் காத்து வந்த குடும்பங்கள் பல சிக்கனத்தாலேயே அதைக் காத்தன. காசை மிச்சம் பிடிப்பதற்காக அவர்கள் காலத்தை வீணாக்கவும் இல்லை. அது எவ்வாறு என்று காண்போம்.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். கஞ்சத்தனம் வேறு, சிக்கனம் வேறு. கஞ்சர் தேவைக்கும் செலவிடார். சிக்கனமானவர் தேவைக்குத் தாராளமாகச் செலவிடுவார், தேவையற்றதைத் தொடமாட்டார்.

இதற்கு நல்ல சான்று செட்டிநாடு. பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் தொழில் செய்து பெரும்பொருள் ஈட்டிய நகரத்தார், காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் மாளிகைகள் எழுப்பினர். அவற்றின் சுவர்களில் சுண்ணாம்புடன் முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்த்துப் பூசி, கண்ணாடிபோல் மின்னும்வரை தேய்த்து மெருகேற்றினர். அன்று அதற்கு ஆன செலவு பெரிதுதான். ஆனால் பல பத்தாண்டுகள் அச்சுவர்களுக்கு வெள்ளையடிக்கும் வேலையே இல்லை. பணமும் மிச்சம், நேரமும் மிச்சம்! முற்றத்துக் கூரையிலிருந்து வழியும் மழைநீரையும் அண்டாக்களில் பிடித்து வைத்தனர்.

அவ்வீட்டுப் பாத்திரங்களில் குடும்பத்தின் ‘விலாசம்’, அதாவது பெயரின் முதலெழுத்துகள், வெட்டப்பட்டிருக்கும். சீர்ப் பொருள்களுக்குப் பட்டியல் உண்டு. எந்தப் பொருள் யாருடையது என்று தேடி அலைய வேண்டியதில்லை. காணாமற்போனதென்று மறுபடி வாங்கவும் வேண்டியதில்லை.

கணக்கிலும் அவ்வாறே. குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று ஒழுங்காக எழுதும் பயிற்சி பிள்ளைகளுக்கு இளமையிலேயே கிடைத்தது. மணமான மகனையும் மருமகளையும் அதே வீட்டிலேயே தனி அடுப்பும் தனிச் செலவுத் தொகையும் கொடுத்து ‘வேறு வைப்பது’ வழக்கம். அளவான தொகைக்குள் குடும்பம் நடத்த இளம் மனைவி அதனால் கற்றுக்கொண்டாள்.

இப்பழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் ஹானி மோட்டோக்கோ என்னும் பெண் பத்திரிகையாளர் 1904-இல் இல்லத்தரசிகளுக்கென ஒரு குடும்பக் கணக்கேட்டை வெளியிட்டார். உணவு, உடை, கல்வி என்று தலைப்பு வாரியாக முன்கூட்டியே தொகை ஒதுக்கி, அதற்குள் செலவிடுவதே அதன் முறை. 1921-இல் டோக்கியோவில் அவர் தம் கணவருடன் பெண்களுக்கான பள்ளியொன்றையும் நிறுவினார். தொகையை ஒருமுறை வகுத்துவிட்டால், ‘வாங்கலாமா, வேண்டாமா’ என்று நாள்தோறும் குழம்பும் நேரம் மிச்சமாகிறது அல்லவா?

காலமும் பணமே. கத்தரிக்காய் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைவு என்று பத்து ரூபாய் பேருந்துக் கட்டணம் கொடுத்துத் தொலைவிலுள்ள சந்தைக்குப் போய் வந்தால், ஒரு கிலோவுக்கு ஐந்து ரூபாய் நட்டம். ஒரு மணி நேரமும் போயிற்று. அந்த ஒரு மணி யாருடையது? பெரும்பாலும் நம் தாயாருடையது. வீட்டுச் சிக்கனத்தின் பாரம் முழுவதையும் தாயின் உழைப்பின்மேல் ஏற்றிவிட்டு, ‘நாங்கள் மிச்சம் பிடிக்கிறோம்’ என்பது முறையாகாது. வீட்டு வேலை செய்யும் அம்மாவின் கூலியைக் குறைப்பதும் சிக்கனமன்று. நம் செலவைப் பிறர் தலையில் சுமத்துவதே அது.

மாணவியராகிய நாம் செய்யக்கூடியவை சில:

1. ஒருமுறை செய்தால் நெடுநாள் பயன் தருவதை முதலில் செய்யுங்கள். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரியும் 60 வாட் குண்டு பல்பு, 30 நாளில் 9 யூனிட் மின்சாரம் கொள்ளும். ஏறத்தாழ அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு ஒன்றரை யூனிட்டும் வேண்டாம். பல்பை மாற்ற ஆகும் நேரமோ இரண்டு நிமிடம்!

2. கடைக்குப் போகுமுன் பட்டியல் எழுதுங்கள். இரண்டாம் முறை போகும் வேலை இராது.

3. கொண்டைக்கடலையை முன்னிரவே ஊற வையுங்கள். காலையில் எரிவாயுவும் நேரமும் குறையும்.

4. பழைய நோட்டுகளில் எஞ்சிய தாள்களைச் சேர்த்துத் தைத்துக் கணக்குப் போடப் பயன்படுத்துங்கள்.

5. இரவில் படுக்குமுன் ஐந்து நிமிடம் அன்றைய செலவை எழுதுங்கள்.

அக்காளின் சீருடையை அளவு திருத்தி அணிந்து வரும் தோழியைக் கண்டு நகைப்பவர் நம்மிடையே இல்லாமற் போகட்டும். அவள் வெட்கப்பட வேண்டியதில்லை; மாளிகை வீட்டார் கைக்கொண்ட வழியையே அவளும் கைக்கொள்கிறாள். வீண்செலவைக் குறைப்போம், மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கு இல்லாதவர்க்கும், மிஞ்சும் நேரத்தில் ஒரு பங்கு நம் தாயாருக்கும் உதவட்டும்.