உஷார்... அப்பாவே முதலாளியாக இருக்கும் வீடு!

காயம் ஆறுவதற்குள் பிள்ளையை மறுபடி மைதானத்துக்கு விரட்டும் பெற்றோரா நீங்கள்? இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1980களில் கொடிகட்டிப் பறந்தது வான் எரிக் மல்யுத்தக் குடும்பம். தந்தை ஃப்ரிட்ஸ், பிரபல மல்யுத்த வீரர். டல்லாஸில் போட்டிகளை நடத்திய நிறுவனமும் அவருடையதுதான். மகன்கள் ஆறு பேர். 1997இல் ஃப்ரிட்ஸ் கண்மூடியபோது அவர்களில் மிஞ்சியிருந்தவர் கெவின் மட்டும்.

மூத்தவன் 6 வயதில் விபத்தில் போனான். டேவிட் 1984இல், 25 வயதில், டோக்கியோவில் குடல் நோயால் இறந்தார். இந்த இரண்டும் யார் கையிலும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த மூன்றைப் பாருங்கள்.

டேவிட் விட்ட இடத்துக்குத் தம்பி மைக் தள்ளப்பட்டார். 1985இல் அவருக்குத் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை. அதன்பின் வந்த கிருமித்தொற்றில் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். உடல் மெலிந்தது, பேச்சு தடுமாறியது. ஆனாலும் மறு ஆண்டே ரிங்கில்! 1987இல் தற்கொலை, வயது 23.

இன்னொரு மகன் கெர்ரி, 1984இல் சாம்பியன் ரிக் ஃப்ளேரை வீழ்த்தி உலகப் பட்டம் வென்றவர். 1986இல் நடந்த பைக் விபத்தின் விளைவாக வலது பாதத்தையே இழந்தார். செயற்கைப் பாதத்தை ரசிகர்களிடம் மறைத்து ஆண்டுக்கணக்கில் மோதினார். வலி மாத்திரை போதையாகி, வழக்கில் கொண்டுபோய் விட்டது. ஆஸ்துமாவும் எலும்புப் பலவீனமும் கொண்ட கடைக்குட்டி கிறிஸும் அதே ரிங்குக்குத்தான் வந்தார். 1991இல் கிறிஸ், 21 வயதில். 1993இல் கெர்ரி, 33 வயதில். இரண்டுமே தற்கொலை.

ஊர் இதைச் 'சாபம்' என்றது. சாபம் என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லையே! தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடையாது, உண்மைதான். ஆனால், காயம், போதை, துக்கம் என எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருந்த வீடு அது. அப்பாவே முதலாளி என்றால், 'என்னால முடியலப்பா' என்று பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வான்?

உங்கள் பிள்ளையிடம் இவை தெரிந்தால் உஷார்:

• வலியை மறைக்கிறான். மாத்திரை போட்டுக்கொண்டு விளையாடுகிறான்.

• தோற்ற நாளில் வீட்டுக்கு வரவே பயப்படுகிறான்.

• தூக்கம், சாப்பாடு குறைகிறது, நண்பர்களிடமிருந்து ஒதுங்குகிறான்.

• 'நான் இருந்து என்ன பயன்' என்கிறான். இதை ஒருபோதும் நடிப்பு என்று தள்ளாதீர்கள்.

எப்போது மறுபடி களமிறங்கலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும். கோச்சோ அப்பாவோ அல்ல. அண்ணன் விட்ட இடத்தைத் தம்பி தலையில் கட்டாதீர்கள். மனம் உடைந்த பேச்சு காதில் விழுந்தால் உடனே 14416 அல்லது 104 உதவி எண்ணுக்கு அழையுங்கள். மெடல் அடுத்த வருடமும் வரும்; பிள்ளை வராது.