நெருப்புக் கை – 9: சிஎஸ் பேப்பர் எஸ்எஸ் பைப்புக்குச் செல்லுமா?

பி எண் என்றால் என்ன என்று போன வாரமே பார்த்தாகிவிட்டது: பற்றவைக்கும் உலோகங்களை ஆஸ்மி விதிநூல் இனம் பிரித்து இட்ட எண். சாதாரண கார்பன் எஃகு (சிஎஸ்) 1, நாம் அதிகம் பார்க்கும் துருப்பிடிக்காத எஃகு (எஸ்எஸ்) 8. இந்த வாரம் சாய்வுக் குழாய்ச் சோதனையான 6ஜி பற்றி எழுதுவதாக இருந்தேன். லெம்பு சாலைத் திடலில் ஞாயிறு மாலை ஒரு கேள்வி குறுக்கே வந்துவிட்டது.

"அண்ணே, எனக்கு டெஸ்ட் வச்சது சிஎஸ் பைப்புல. இப்ப எஸ்எஸ் லைன்ல நிக்கச் சொல்றாங்க. அந்த பேப்பர் செல்லுமா?"

கேட்டவர் துவாக்குடிக்காரர். திருச்சி பெல் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள பட்டறைகளில் கை பழகியவர். 1975இல் வெல்டிங்குக்கென்றே தனி ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய ஊர் அது. அந்தப் பக்கத்துக் கைகள் ஜூரோங் தீவுக் குழாய்களில் எவ்வளவு பதிந்திருக்கின்றன என்பதைத் தனியாகவே எழுத வேண்டும்.

உலோகத்தைப் பொறுத்தவரை செல்லும். ஆஸ்மி 9ஆம் பகுதி, கியூடபிள்யூ-423. பி எண் 1 முதல் 15எஃப் வரை, 34, 41 முதல் 49 வரை எல்லாம் ஒரே கூட்டம். ஒன்றில் தேறினால் மற்றவற்றுக்கும் தகுதி. கார்பன் எஃகு, பாய்லர்களில் வரும் பி91 எஃகு, எஸ்எஸ், செம்பு-நிக்கல், நிக்கல் கலவை எல்லாம் இதில் அடக்கம். உலோகம் தாங்குமா என்பதைப் பற்றவைக்கும் முறைக்கு வைக்கும் சோதனை தனியாகப் பார்த்துவிடுகிறது. வெல்டருக்கு வைக்கும் சோதனை அவர் கையைத்தான் பார்க்கிறது.

ஆனால் ஃபில்லருக்கு வேறு எண் உண்டு. இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான். ராடு வெல்டிங்கில் கார்பன் எஃகு ராடுகள் 1 முதல் 4 வரையான எஃப் எண்களில் வருகின்றன. எஸ்எஸ் ராடு 5. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். ஆர்கான் (டிக்) வெல்டிங்கிலோ கார்பன் எஃகுக் கம்பியும் எஸ்எஸ் கம்பியும் ஒரே 6! ஒரே பைப்பில் தேறிய இருவரில் ஆர்கான்காரர் எஸ்எஸ்ஸுக்குப் போய்விடுகிறார், ராடுக்காரர் நின்றுவிடுகிறார். காரணம் கையில்தான் இருக்கிறது. ராடின் பூச்சு மாறினால் ஸ்லாக் ஓடும் விதம் மாறும். கை அதற்கேற்ப ஓட வேண்டும். ஆர்கானில் பூச்சும் இல்லை, ஸ்லாக்கும் இல்லை. எவ்வளவு நுட்பமான கண் இந்த அட்டவணையைப் போட்டிருக்கிறது!

துவாக்குடிக்காரர் ஆர்கான்காரர். பேப்பர் செல்லும். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. எஸ்எஸ் பைப்புக்கு உள்ளே ஆர்கான் விட்டுப் பர்ஜ் செய்யாவிட்டால் ரூட் கருகிப் பொரிந்துபோகும். பர்ஜோடு தேறியவர் பர்ஜ் இல்லாமல் பற்றவைக்க மறுசோதனை கேட்கும் விதி, பர்ஜே பார்க்காதவர் பர்ஜோடு பற்றவைக்கக் கேட்பதில்லை. லைனில் நிறுத்துவதற்கு முன் ஒரு ஜாயின்ட் பழகக் கொடுப்பது கம்பெனியின் கடமை. ரூட் கெட்டால் திட்டு விழுவது அவருக்கு.

அலுமினியம் மேலே சொன்ன பி எண் கூட்டத்தில் சேராது. 21 முதல் 26 வரை தனிக் குடும்பம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், மேலே படிந்த ஆக்சைடு தோல் 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். சிவந்து எச்சரிக்காமலே பொத்தென்று விழும். எஃகில் பழகிய கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. டைட்டானியமும் தனிதான்.

இன்னொன்று. ஐஎஸ்ஓ 9606-1இன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, பற்றவைக்கப்படும் உலோகத்தை விட்டு ஃபில்லரை வைத்தே தகுதியைப் பிரித்துவிட்டது. அதில் கார்பன் எஃகுக் கம்பியில் தேறியவருக்கு எஸ்எஸ் கிடையாது, ஆர்கானாக இருந்தாலும். அதே கை, அதே குழாய். எந்த விதிநூலைப் பின்பற்றும் வேலை என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. பேப்பரை வாங்கும்போதே தலைப்பில் எந்த விதிநூல் என்று பாருங்கள், தம்பிகளே.

6ஜி அடுத்த வாரம். கம்பெனி மாறினால் ஏன் திரும்பவும் டெஸ்ட் வைக்கிறார்கள் என்பதும் அப்போது.