சம்மட்டி அடிக்க ஆள் இல்லை! எடைக்குப் போன 'இரும்புப் பூதம்' எழுந்து வருமா?

பாபநாசம்,—

உலை கனன்று எரிகிறது. இரும்பு சிவந்து கிடக்கிறது. குறடு பிடிக்க ஆசாரி இருக்கிறார். ஓங்கி அடிக்கத்தான் ஆள் இல்லை!

பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணிக் கரையோரம் உள்ள கொல்லுப்பட்டறைகளின் கவலை இதுதான். அரிவாள், மண்வெட்டி, கோடாலி, கடப்பாரை எதுவானாலும் குறடு பிடிக்க ஒருவர், சம்மட்டி போட ஒருவர் அல்லது இருவர் வேண்டும். ஆசாரி சின்னச் சுத்தியலால் 'டிங்' என்று தட்டிக் காட்டுகிற இடத்தில், எதிரே நிற்பவர் 'டம்' என்று போட வேண்டும். லாரி வில்பட்டையில் அரிவாள் அடிப்பவர்களுக்கு நேரம் ரொம்பக் குறைவு. சிவப்பு மங்குவதற்குள் அடித்து முடிக்க வேண்டும். மங்கிவிட்டால் மறுபடி உலை, மறுபடி கரி, மறுபடி செலவு.

காலையிலிருந்து மாலை வரை சம்மட்டி தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். கட்டிட வேலைக்குப் போனாலும் அதே கூலி, வெக்கையாவது குறைவு. பிறகு எந்த இளவட்டம் பட்டறைக்கு வரும்?

இந்த நேரத்தில்தான் பழைய சங்கதி ஒன்று மறுபடி பேச்சில் அடிபடுகிறது. அதுதான் நீராவிச் சம்மட்டி! பணிமனைகளில் ஒரு காலத்தில் ராஜாவாக இருந்து, பிறகு காயலான் கடைத் தராசில் ஏறிய இரும்புப் பூதம்.

5,300 ஆண்டு இரும்பு!

இரும்பு இந்த ஆற்றங்கரைக்குப் புதிதல்ல. இதே தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அலெக்சாண்டர் ரீ என்ற வெள்ளைக்கார அதிகாரி தோண்டி, இரும்புக் கருவிகளை எடுத்தார். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளை ஆராய்ந்ததில், இரும்பு கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. கணக்குப் போட்டால் 5,300 வருடத்துக்கு மேல்!

எந்திரமும் புதிதல்ல. ஹார்வி சகோதரர்கள் 1885-ல் இங்கே நூற்பாலை தொடங்கியதே, மலையிலிருந்து குதித்து வரும் தண்ணீரின் வேகத்தை நம்பித்தான். 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. கையால் ஊதிய துருத்தி போய், மின்சார ஊதி வந்தது. ஆனால் சம்மட்டி மட்டும் இன்னும் பல பட்டறைகளில் மனுஷன் கையில்தான் இருக்கிறது.

படம் போட்டார், மறந்தார்!

நீராவிச் சம்மட்டி பிறந்த கதை சினிமாக் கதை மாதிரி இருக்கும்.

1839-ம் ஆண்டு. இங்கிலாந்தில் 'கிரேட் பிரிட்டன்' என்ற பெரிய கப்பல் தயாராகிக் கொண்டிருந்தது. துடுப்புச் சக்கரத்துக்கு ராட்சத அச்சு வேண்டும். அவ்வளவு பெரிய இரும்பை அடித்து உருவாக்கும் சம்மட்டி எங்கும் இல்லை. ஜேம்ஸ் நாஸ்மித் என்ற எஞ்சினீயருக்குக் கேள்வி வந்தது. நவம்பர் 24-ந் தேதி நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டார். மேலே ஒரு சிலிண்டர், உள்ளே பிஸ்டன், அதன் தண்டில் தொங்கும் இரும்புக் கட்டி. நீராவி தூக்கும், கட்டி விழும். அவ்வளவுதான்!

ஆனால் கப்பல்காரர்கள் மனசு மாறி, துடுப்புச் சக்கரமே வேண்டாம், பின்புறம் சுழல்விசிறி போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். நாஸ்மித்தின் படம் நோட்டிலேயே தூங்கியது.

1842-ல் அவர் பிரான்சில் லெ க்ரூஸோ என்ற ஊர்த் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே ஒரு நீராவிச் சம்மட்டி 'டம் டம்' என்று வேலை செய்து கொண்டிருந்தது! செய்தவர் பூர்தோன் என்ற பிரெஞ்சு எஞ்சினீயர். நாஸ்மித் ஓடி வந்து, அதே ஆண்டு காப்புரிமை வாங்கினார். யோசனை யாருடையது என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. அதே லெ க்ரூஸோவில் 1877-ல் 100 டன் சம்மட்டி ஒன்று எழுந்தது. இன்றும் அது அந்த ஊரில் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

முட்டை வித்தை

பூதம் என்றால் முரட்டுப் பூதம் அல்ல. கண்ணாடிக் கோப்பையில் முட்டையை வைத்து, கோப்பை உடையாமல் முட்டை ஓட்டை மட்டும் விரிசல் விடச் செய்து காட்டுவார் நாஸ்மித். அடுத்த அடியில் கட்டிடமே ஆடும்!

சூட்சுமம் கைப்பிடியில் இருக்கிறது. கைப்பிடியை அசைத்தால் வால்வு திறக்கும். நீராவி பிஸ்டனுக்கு அடியில் போனால் கட்டி மேலே ஏறும். வெளியே விட்டால் விழும். பின்னால் வந்த சம்மட்டிகளில் மேலிருந்தும் நீராவி தள்ளும். அதனால் அடி இன்னும் பலமாகும். கொஞ்சம் திறந்தால் செல்லத் தட்டல், முழுக்கத் திறந்தால் மரண அடி!

250 கிலோ கட்டி அரை மீட்டர் உயரத்திலிருந்து சும்மா விழுந்தாலே, ஆள் ஓங்கிப் போடும் ஏழெட்டு சம்மட்டி அடிக்கு ஏறக்குறையச் சமம். நீராவியும் சேர்ந்து தள்ளினால் கேட்கவா வேண்டும்?

ஏன் மறைந்தது?

ரயில்வே பணிமனைகளின் கொல்லுலைக் கூடங்களில் இதுதான் பிரதான எந்திரம். எஞ்சின் கம்பி, கொக்கி, வில், அச்சு எல்லாம் இதன் அடியில்தான் உருவாயின. பிறகு வெல்டிங் வந்தது, ஹைட்ராலிக் பிரஸ் வந்தது. நீராவி எஞ்சினும் விடை பெற்றது. 1995 டிசம்பரோடு நம் நாட்டில் அகல ரயில் பாதையில் வழக்கமான நீராவி ரயில் நின்றது. பாய்லர் அணைந்த இடத்தில் சம்மட்டிக்கு என்ன வேலை? கழற்றி எடைக்குப் போட்டார்கள்.

அதற்காக வித்தை செத்துவிடவில்லை. 1855-ல் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற நீராவி எஞ்சினைப் பெரம்பூர் லோகோ பணிமனை 2010-ல் மறுபடி ஓட வைத்தது. நீலகிரி மலை ரயிலுக்குப் பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டிலும் புது நீராவி எஞ்சின் செய்து கொடுத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில், சிட்னி ஈவ்லி ரயில்வே பணிமனை 1980-களின் கடைசியில் மூடிய பின்னும், பழைய கூடத்தில் கொல்லர்கள் உலை மூட்டிப் பழைய எந்திரச் சம்மட்டிகளோடு தொழில் செய்தார்கள். மற்ற நாடுகளிலும் சின்னப் பட்டறைக்காரர்கள் பழைய சம்மட்டிகளை எடைக்கு வாங்கி உயிர் கொடுக்கிறார்கள்.

பாய்லர் வேண்டாம், காற்று போதும்

'நீராவிச் சம்மட்டி என்றால் பாய்லர் வேண்டுமே, அண்ணாச்சி?' என்று கேட்பார்கள். வேண்டியதில்லை! பாய்லர் வைத்தால் பதிவு, இன்ஸ்பெக்டர் சோதனை, சர்டிபிகேட் என்று நீளும். 1923-ம் ஆண்டுச் சட்டம் போய் 2025-ல் புதுச் சட்டம் வந்தும், அந்தக் கண்டிப்பு குறையவில்லை. பாய்லர் வெடித்தால் பட்டறை மட்டுமா போகும்? தெருவே போகும்.

அதனால் இப்போது அநேகர் அழுத்தக் காற்றில் ஓட்டுகிறார்கள். சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 பவுண்டு அழுத்தம் போதும். நீராவி நுழைந்த அதே வழியில் காற்று நுழையும்.

இங்கேதான் சிக்கல். டயர் கடையில் இருக்கிற கம்ப்ரசர் இதற்குக் காணாது. நாலு அடியில் டாங்கி காலி! சம்மட்டி பெரிசாகப் பெரிசாகக் கம்ப்ரசரும் பெரிசாக வேண்டும். கரண்ட் பில் கண்ணைக் கட்டும்.

இன்னொன்று. நீராவியில் ஈரம் உண்டு, காற்றில் அவ்வளவு கிடையாது. ஆகவே உள்ளே போகும் காற்றோடு எண்ணெய் சொட்டிக் கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டர் கீறிப் போகும்.

துருவைக் கழற்றுவது

வருஷக்கணக்கில் மழையில் கிடந்த சம்மட்டியில் பிஸ்டன் அசையாது. ஆத்திரத்தில் அடித்தால் வார்ப்பிரும்பு தெறிக்கும். மண்ணெண்ணெயும் எண்ணெயும் ஊற்றி நாள்கணக்கில் ஊறவிட வேண்டும். மெல்ல அசைந்த பிறகு சிலிண்டரைத் திறந்து, லேத்தில் கடைந்து, புது ரிங் போட வேண்டும். தண்டு நுழையும் இடத்தில் பேக்கிங் மாற்ற வேண்டும். வால்வு முகம் கண்ணாடி மாதிரி உட்கார வேண்டும். கட்டி ஏறி இறங்கும் வழிகாட்டியில் ஆட்டம் இருக்கக் கூடாது.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது பிஸ்டன் தண்டு. கட்டியோடு சேரும் இடத்தில்தான் அது முறியும். மயிரிழை விரிசல் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

அடுத்து அஸ்திவாரம். அடியை வாங்கும் பட்டடைக் கட்டி, விழும் கட்டியைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு கனம் இருக்க வேண்டும். 250 கிலோ சம்மட்டிக்கு மூன்று, நான்கு டன் பட்டடை! அதன் கீழே கான்கிரீட், நடுவே கெட்டி மரம். மரம் அதிர்ச்சியைத் தாங்கும். இதைச் சிக்கனம் பிடித்தால் பட்டடை சாயும், தண்டு முறியும், பக்கத்து வீட்டுச் சுவரும் விரியும். தெருவுக்குள் இருக்கும் பட்டறைக்கு இது ஆகவே ஆகாது.

கை வைத்தால் போச்சு!

எந்திரத்தை ஓட்டுவதற்கும் முறை உண்டு. காலையில் எடுத்தவுடன் பலமாக அடிக்கக் கூடாது. பட்டடை முகத்தையும் தண்டையும் இளஞ்சூடு பண்ணிக் கொள்ள வேண்டும். சிலிண்டரில் தேங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும். தண்ணீர் சுருங்காது, மேல்மூடி பிளந்துவிடும்! இரும்பு வைக்காமல் வெறும் பட்டடையில் அடிக்கக் கூடாது. ஆறிப் போன இரும்பை அடிக்கக் கூடாது. பட்டடையின் ஓரத்தில் வைத்து அடித்தால் தண்டு வளையும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. பட்டடையைத் துடைக்க, அச்சு மாற்ற, எதற்காகக் கை வைத்தாலும் முதலில் கட்டிக்கு அடியில் கனத்த மரத்தை முட்டுக் கொடுக்க வேண்டும். காற்றை மூட வேண்டும். 'ஒரு நிமிஷ வேலைதானே' என்று கையை விட்டவர் கை திரும்பாது. காதுக்கு அடைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

லாபமா, நஷ்டமா?

அரிவாள் மட்டும் அடிக்கிற ஒற்றை ஆள் பட்டறைக்கு இவ்வளவு பெரிய பூதம் தேவையில்லை. மோட்டாரும் பெல்ட்டும் வில்பட்டையும் வைத்து ஓடும் சின்ன 'பவர் ஹாமர்' போதும். வடக்கே பஞ்சாப் பக்கம் அதைச் செய்கிறார்கள். இடமும் கரண்டும் குறைவு.

ஆனால் கடப்பாரை, கலப்பைக் கொழு, டிராக்டர் சாமான், கோயில் கதவுக்குக் கனத்த கீல் என்று முழத்தடி இரும்பை அடிக்கிறவர்களுக்கு நீராவிச் சம்மட்டிக்கு ஈடில்லை. வில் சம்மட்டி ஒரே தாளத்தில் ஓடும். இதுவோ நினைத்த இடத்தில் நிற்கும், பிடித்துக் கொள்ளும், மெல்லத் தட்டும், ஓங்கிப் போடும். ஒரு சூட்டில் முடிய வேண்டியது ஒரே சூட்டில் முடியும். கரி மிச்சம், தோள் மிச்சம். நாலு பட்டறைக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து, ஊருக்கு வெளியே ஒன்றை நிறுத்தினால் செலவும் தாங்கும்.

ஒன்று மட்டும் எந்திரத்துக்கு வராது. எந்தச் சிவப்பில் உலையிலிருந்து எடுப்பது, எந்த நிறத்தில் தண்ணீரில் முக்குவது என்பது ஆசாரியின் கண்ணில்தான் இருக்கிறது. சம்மட்டி தூக்கிய ஆளின் இடத்தைத்தான் பூதம் நிரப்பும். ஆசாரியின் இடத்தை அல்ல. தோள் வலிக்குப் பயந்து ஓடுகிற பையன்கள், கைப்பிடி பிடிக்கவாவது உலைப் பக்கம் வந்தால் அந்தக் கண்ணும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.

ஆகவே பழைய ஆலை, பழைய பணிமனை ஏலத்தில் துருப்பிடித்த சம்மட்டி ஏதாவது கண்ணில் பட்டால், கிலோ என்ன விலை என்று கேட்பதற்கு முன் இரண்டு காரியம் செய்ய வேண்டும். பிஸ்டன் தண்டைத் துடைத்து விரிசல் பார்க்க வேண்டும். பட்டடைக் கட்டியும் சேர்ந்து கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். பட்டடை இல்லாத சம்மட்டி வெறும் இரும்பு. இரண்டும் சரியாக இருந்தால், தராசில் ஏற்ற வேண்டாம். பட்டறையில் ஏற்றலாம்!