சின்ன வண்டி, சீறும் வேகம்

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போகும் சாலையில் நீளமான காரை வைத்துக்கொண்டு திண்டாடத்தான் வேண்டும். வயல்களை ஒட்டி வளைவுகள், ஊருக்கு ஊர் கடைத்தெரு, முன்னால் எப்போதும் ஒரு பேருந்து. உடம்பு சிறுத்து, மிதித்தவுடன் பாய்கிற வண்டிதான் இந்தத் தடத்துக்குப் பொருத்தம். அப்படிப்பட்ட வண்டியை ‘ஹாட் ஹேட்ச்’ என்பார்கள்.

பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய குடும்பக் கார் ஹேட்ச்பேக். அதில் பலமான எஞ்சினைப் பொருத்தி, சஸ்பென்ஷனை இறுக்கி, பிரேக்கையும் அதற்கேற்ப மாற்றினால் ஹாட் ஹேட்ச். இத்தாலியின் ஆட்டோபியாங்கி ஏ112 அபார்த் 1971-லேயே வந்துவிட்டது. ஆனாலும் உலகத்துக்கு ஆசை காட்டியது, 1975-இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமான ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐதான். 1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன். 5,000 வண்டி விற்றால் போதும் என்று நிறுவனம் கணக்குப் போட்டது. முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்தைத் தாண்டியது.

110 குதிரைத்திறன் அன்றைக்கும் மலைக்கவைக்கும் எண் அல்ல. ரகசியம் எடையில் இருந்தது: அந்த கோல்ஃப் 800 கிலோ சொச்சம்தான். எடை குறைந்தால் எஞ்சின் இழுக்க வேண்டியதும், பிரேக் நிறுத்த வேண்டியதும், வளைவில் டயர் தாங்க வேண்டியதும் ஒருசேரக் குறைகின்றன. வேகமாகத் திரும்பும்போது உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். முன்சக்கரங்கள் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். 1984-இல் வந்த பெஜோ 205 ஜிடிஐயைக் கொண்டாடுகிறவர்கள் இன்றும் பேசுவது அந்த ஆட்டத்தைத்தான். திங்கட்கிழமை அதே வண்டியில் அலுவலகம் போகலாம், பின்சீட்டை மடக்கி அரிசி மூட்டையும் ஏற்றலாம். ஒரே ஒரு கார் வாங்க முடிந்தவனுக்கும் பந்தயக்காரின் சுகத்தைக் கொடுத்தது என்பதால்தான் எனக்கு இந்த இனத்தின்மேல் இவ்வளவு பிரியம்.

இந்தியாவில் 2001-இல் ஃபியட் பாலியோ 1.6 வந்தது, சுமார் 100 குதிரைத்திறன். பெட்ரோல் குடிக்கிறது என்று பலர் ஒதுக்கினார்கள், ஓட்டிப் பார்த்தவர்கள் விடவில்லை. 2007-இல் ஹூண்டாய் கெட்ஸுக்கு 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் கிடைத்தது. திறன், அந்த முதல் கோல்ஃபைப் போலவே 110. குறைந்த சுற்றில் சோம்பி நிற்கும். டர்போ விழித்ததும் ஒரே தள்ளாகத் தள்ளும். பேருந்தை முந்த அதைவிட நல்ல துணை அந்த விலையில் அபூர்வம். கெட்ஸ் தயாரானது ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டை ஆலையில். சோழவரம் பந்தயத் தளத்துக்குப் பின் தமிழ்நாட்டுக் கார்ப் பந்தயங்களின் தாய்வீடான ஓடுதளமும் அதே ஊரில்தான், 1990 முதல். 2021-இல் 120 குதிரைத்திறனோடு வந்த ஐ20 என் லைனும் அந்த ஆலையின் பிள்ளையே.