இறங்காமல் திரும்பும் உரிமை

2020 ஆகஸ்ட் 7 இரவு, கோழிக்கோட்டை அடுத்த கரிப்பூரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. 184 பயணிகள், 6 ஊழியர்களோடு துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மேலே எழும்பிவிட்டது. கேப்டன் பக்கக் கண்ணாடியின் வைப்பர் அப்போதே நின்றுபோயிருந்தது. இரண்டாவது முறை ஓடியது, ஆனால் வைத்த வேகத்துக்கு ஓடவில்லை. இந்த முறை ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து, பின்காற்று தள்ளத் தள்ள இறங்கினார்கள். 8,858 அடி நீள ஓடுபாதையில் 4,438 அடி கழிந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. ஈரத்தரையில் மிச்சப் பாதி போதவில்லை. குன்றின் தலையைச் சீவி மேசைபோல் ஆக்கிய விமான நிலையம் அது; விளிம்பைத் தாண்டினால் சரிவுதான். சரிவில் விழுந்து விமானம் மூன்று துண்டானது. விமானிகள் இருவரும் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

பழியை மழைமீது போட்டுவிடலாம். ஆனால் விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு 2021 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. சக்கரம் தரையைத் தொடுமுன்பே துணை விமானி ‘கோ அரவுண்ட்’, அதாவது இறங்காமல் மேலே ஏறுங்கள் என்று சொல்லிவிட்டார். கேப்டன் ஏறவில்லை, துணை விமானியும் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை. மாற்று விமான நிலையத்துக்குப் போக எரிபொருள் இருந்தது. பத்தாண்டு முன்பு, 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்ததும் இப்படித்தான்: அதே நிறுவனம், அதேபோல் துபாயிலிருந்து வந்த விமானம், அதேபோன்ற மேசை ஓடுபாதை. அங்கே வானிலைகூடக் கெடவில்லை, ஆனால் துணை விமானி மூன்று முறை சொல்லியும் கேப்டன் இறக்கினார். ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் ஆராய்ந்தபோது, வேகமோ உயரமோ சரியாக அமையாத அணுகுதல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தரையிறக்கத்திலேயே முடிந்திருந்தன. எழும்பியவை மூன்றே. ஆக, வெளியே எதுவும் தெளிவாகத் தெரியாதது பாதி ஆபத்து. மீதிப் பாதி, வந்தது வந்தோம், இறக்கிவிடலாம் என்ற எண்ணம்.

அது விமானிகளின் குற்றம், பயணிக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எண்ணம் விமானி அறையில் மட்டும் பிறப்பதில்லை. கோழிக்கோடு தளத்தில் போதுமான கேப்டன்கள் இல்லை என்பதையும், மறுநாள் காலை விமானத்தை ஓட்ட அந்தக் கேப்டன் அன்றிரவே அங்கே இறங்க வேண்டியிருந்தது என்பதையும் கரிப்பூர் விபத்து அறிக்கை எடுத்துச் சொல்கிறது. நிறுவனத்துக்கு அட்டவணை நெருக்கடி. அந்த நெருக்கடிக்கு நாமும் விறகு போடுகிறோம். போகி அன்று புகை மூட்டத்தால் சென்னை விமானங்கள் திருப்பிவிடப்படும்போது கவுண்டரில் எழும் கூச்சல் எல்லோருக்கும் தெரியும். வானிலையால் ஏற்படும் தாமதத்துக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்பதே இங்கு விதி. கடுமையாகத் தோன்றும், ஆனால் சரியான விதி. கோயம்புத்தூர் டிக்கெட் வாங்கியவரை வானிலையால் பெங்களூரில் இறக்கிவிட்டால் அது சேவைக்குறைவு ஆகாது. டிக்கெட்டில் நாம் விலைகொடுத்து வாங்கியதில் அதுவும் அடக்கம்.

இன்னும் இரண்டு மறுப்புகள் உண்டு. தானே தரையிறங்கும் கருவி இருக்கும் காலத்தில் கண்ணுக்குத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்பது ஒன்று. டெல்லிப் பனியில் அது நடக்கிறது, உண்மை. அதற்கு ஓடுபாதைக் கருவி, விமானம், விமானியின் பயிற்சி மூன்றும் அந்தத் தரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான நிலையங்களில் இருப்பது முதல் படிநிலை வசதிதான்: தரைக்கு மேல் ஏறக்குறைய 200 அடி வந்ததும் விளக்கோ ஓடுபாதையோ தெரியவில்லை என்றால் ஏறியாக வேண்டும். ஏறிக்கொண்டே இருந்தால் எரிபொருள் தீராதா என்பது மற்றொன்று. தீரும். 2015 ஆகஸ்டில் தோஹாவிலிருந்து வந்த ஒரு விமானம், கொச்சியில் மூன்று முறை முயன்று, திருவனந்தபுரத்துக்குப் போய் அங்கும் மூன்று முறை தோற்று, எரிபொருள் வற்றிய நிலையில் நான்காம் முறை இறங்கியது. இது திரும்பிப் போவதற்கு எதிரான வாதம் இல்லை. நேரத்தோடு திரும்பிப் போவதற்கான வாதம்.

இதையும் மீறி விபத்து நடந்துவிட்டால், சர்வதேசப் பயணத்தில் இழப்பீட்டுக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. யார் தவறு என்று பயணி நிரூபிக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 28 முதல் உடன்படிக்கை வைத்திருக்கும் வரம்பு, ஒருவருக்கு 1,51,880 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு); நம் கணக்கில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். அதுவரை ‘எங்கள் தவறில்லை’ என்று நிறுவனம் தப்ப முடியாது. அதற்கு மேல் கேட்டால், தவறில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: அந்த வரம்பு தானாக வந்துசேரும் தொகை அல்ல. வருமானம், வயது, குடும்பப் பொறுப்பு ஆகியவற்றைக் காட்டி இழப்பை நிறுவ வேண்டும். மங்களூர் விபத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறைந்தது 75 லட்சம் என்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னதை, இரு நீதிபதிகள் அமர்வு ஏற்கவில்லை. அதே விபத்தில் இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு, அவருடைய சம்பளத்தைக் கணக்கிட்டு உச்ச நீதிமன்றம் 7.64 கோடி ரூபாய் கொடுத்தது. தீர்ப்பு வந்தது 2020இல், பத்தாண்டு கழித்து.

விபத்து முடிந்த கையோடு தரும் உதவித்தொகையை வாங்கலாம். ‘முழுமையான, இறுதித் தீர்வு’ என்ற வாசகம் உள்ள தாளில் மட்டும் வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போர்டிங் பாஸ், பெட்டிச் சீட்டு, சம்பளச் சான்று, மருத்துவ ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பயணி நிரந்தரமாக வசித்த நாட்டுக்கு அந்த நிறுவனம் விமானம் ஓட்டினால், பெரும்பாலும் அந்த நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். கெடு, விமானம் வந்து சேர்ந்த அல்லது சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு. அதற்குள் வழக்குப் போடாவிட்டால் இழப்பீடு கேட்கும் உரிமையே போய்விடும்.